மிச்ச நூலில் பின்னிய சட்டை

உங்கள் ஸ்வெட்டரின் இடது தோளுக்குக் கீழே ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு துவைப்பு தாங்கும், அப்புறம் இடுப்பு வரை ஓடிவிடும். கழற்றிக் கொடுத்தீர்கள் என்றால் பேசிக்கொண்டே எடுத்துவிடுவேன். ஆனால் என் ஊசிகளை ஸ்டேஷன் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பின்னல் ஊசியால் யாரையாவது குத்திவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது. பரவாயில்லை, அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார்கள்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனின் மனைவி கண்ணாடி மணிப் பட்டறையில் சட்டையில் தீப்பிடித்து இரண்டு கைகளும் வெந்து கிடக்கிறாள். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து அவளிடம் பேசினீர்கள், விபத்து என்று முடித்தும்விட்டீர்கள். அது தப்பு. உங்களைக் குறை சொல்லவில்லை, உங்களுக்குப் பின்னல் தெரியாது.

நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். கீழே மாமியார், என் கணவர், நான். மாடியில் அவர் தம்பியும் இளையவளும். வீட்டில் அவளுக்கு இளையவள் என்றுதான் பெயர், எனக்குப் பெரியவள். என் தொழில் பின்னல். குளிர்காலம் வருவதற்கு முன்பே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்துவிடுவார்கள். ஸ்வெட்டர், தொப்பி, கையுறை, குழந்தைக்குக் காலுறை. எடுத்த அளவு இம்மி பிசகாது, சொன்ன நாள் தவறாது. என் பின்னலில் ஒரு கண்ணி பெரிது, ஒரு கண்ணி சிறிது என்று யாரும் காட்ட முடியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட்டுக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது?

பின்னுகிறவள் வீட்டில் மிச்ச நூல் சேராமல் இருக்காது. பாதியில் நூல் தீர்ந்துபோனால் அதே சாயம் மறுபடி கிடைக்காது என்பதால் எப்போதும் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்குவோம். முடித்ததும் கொஞ்சம் நின்றுவிடும். தூக்கிப் போடவும் மனம் வராது. பழைய தலையணை உறைகளில் திணித்து அலமாரிக்கு மேலே ஏற்றிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச காலத்தில் லேபிள் எல்லாம் கழன்றுபோய், எது கம்பளி, எது செயற்கை என்று தெரியாமல் கலந்துவிடும். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது வருகிற செயற்கை நூல் கம்பளியைவிட மெத்தென்று இருக்கிறது.

அதற்கு ஒரே வழி, ஒரு துணுக்கை வெட்டித் தீக்குச்சியில் காட்டுவதுதான். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், நெருப்பை விலக்கினால் தானாக அணைந்துவிடும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். செயற்கை நூல் விடாமல் எரியும். உருகிச் சொட்டும், ஆறினால் மிளகு மாதிரி இறுகிவிடும். சொட்டு தோலில் விழுந்தால் உதறினாலும் போகாது, ஒட்டிக்கொண்டே எரியும். இதோ என் கட்டைவிரலில் ஒரு வடு இருக்கிறது, பாருங்கள். இத்தனூண்டு சொட்டு, அதுவே என்னைப் பல ராத்திரி தூங்கவிடவில்லை. ஆகையால், பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காக யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

மிச்ச நூலை எப்படியாவது தீர்த்துவிட வேண்டும் என்று நானும் பார்த்தேன். பட்டை பட்டையாகத் தொப்பி போட்டேன், கால்மிதி போட்டேன், மாமியாருக்கு ஒரு சால்வை போட்டேன். பின்னல் சுத்தமாக இருந்தது. ஆனால் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. மாமியார் அந்தச் சால்வையைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதைப் போர்த்திக்கிட்டுத் தெருவில நின்னா, நாலு பேரு காசு போட்டுட்டுப் போவாங்க” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போது எனக்கு வருத்தமே இல்லை. மிச்ச நூல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு இளையவள் வந்தாள்.

கெட்டவள் இல்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாது என்பார்களே, அந்த ரகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மணிப் பட்டறையில் வேலை. கண்ணாடிக் குச்சியைச் சுடரில் காட்டி, இளகியதும் கம்பியில் சுற்றி மணியாக்குகிற வேலை. சாயங்காலம் வந்ததும் மாடிக்குக்கூடப் போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அக்கா, எனக்கும் சொல்லித் தாங்க என்றாள். கண்ணி ஏற்றுவதிலிருந்து எல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கை அவ்வளவு சுத்தம் என்று சொல்ல மாட்டேன். இறுக்கினால் ஒரேயடியாக இறுக்குவாள், விட்டால் தொளதொளவென்று விடுவாள். நிறம் மாற்றுகிற இடத்தில் நூல் முனைகளை உள்ளே செருகாமல் அப்படியே தொங்கவிடுவாள். கேட்டால், “உள்பக்கத்தை யாரு பாக்கப்போறாங்கக்கா?” என்பாள்.

ஒரு நாள் அலமாரிக்கு மேலே என்ன மூட்டை என்று கேட்டாள். மிச்சம்தான், வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றேன். தாராளமாகச் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லா உறைகளையும் கவிழ்த்துத் தரை முழுக்கப் பரப்பினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இந்த உருண்டையை அங்கே, அந்த உருண்டையை இங்கே என்று காலால் தள்ளிக்கொண்டே இருந்தாள். நூலைக் காலால் தள்ளுகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒரு போர்வை பின்னிவிட்டாள்.

அந்தப் போர்வையை நீங்கள் பார்க்கவில்லை. எங்கள் மாமியார் கட்டிலில் இருக்கிறது. பின்னல் கோணல்மாணல்தான். ஆனால் ஐயா, நிறங்கள் இருக்கின்றனவே, அவை அத்தனையும் என் நிறங்கள். யாருக்கோ போட்ட ஸ்வெட்டரின் பச்சை, யாரோ வேண்டாம் என்று திருப்பிய மஞ்சள், எனக்கே பிடிக்காமல் ஒதுக்கிய செங்கல் நிறம். வருஷக்கணக்காக என் கையில் புழங்கியும் என்னிடம் வாய் திறக்காதவை அவளிடம் பேசியிருந்தன. வீடே அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. மாமியார் வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். நான் போட்ட ஸ்வெட்டர்களை மடித்து உள்ளே வைத்துவிட்டு அந்தப் போர்வைக்குள் புகுந்துகொண்டார். எனக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுத்த கையோடு, இளையவங்க நிறம் பார்த்துச் சொல்வாங்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது என் கணவர் சொன்ன ஒன்று. அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமான புதிதில் அவருக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னினேன். முழங்கை தேய்ந்து, தைத்து, மறுபடி தேய்கிற வரை அதைத்தான் போட்டார். அதில் மிஞ்சிய நீலம் அந்தப் போர்வையின் நடுவில் இருந்தது. ஒரு நாள் தன் அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அந்த நீலத்தை விரலால் தடவிக்கொண்டே, “இந்த நீலம் எங்க கிடைச்சுதும்மா உனக்கு? இவ்வளவு அழகான நீலத்தை நான் பாத்ததே இல்ல” என்றார்.

நான் கதவருகில் தட்டை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இளையவள் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம், “மாமா, இது உங்க ஸ்வெட்டர் நூலு” என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். மாமியாரும் சிரித்தார். நான் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். பொறாமைதான், அதற்கு வேறு கௌரவமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வயிற்றெரிச்சல் என்கிறார்கள். எனக்கு வயிற்றில் ஒன்றும் செய்யவில்லை. என் பங்குச் சோற்றை மட்டும் அப்படியே மூடி வைத்தேன்.

முதலில் சின்னதாகத்தான் ஏதோ செய்தேன். போர்வை அழுக்காகிவிட்டது என்று எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் அமுக்கினேன். கம்பளி சுருங்கும், செயற்கை சுருங்காது, மொத்தமும் கெட்டுப்போகும் என்று தெரிந்துதான் செய்தேன். சுருங்கவும் செய்தது. காய்ந்ததும் பார்த்தால் அங்கங்கே மேடு தட்டி அலை அலையாக எழும்பியிருந்தது. இளையவள் அதை முகத்தில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, முன்னைவிட நல்லா இருக்கே, எப்படிப் பண்ணுனீங்க?” என்று கேட்டாள். மாமியாரும் அதையே சொன்னார். அன்றுதான் எனக்குப் புரிந்தது, போர்வையைக் கெடுத்துப் பிரயோசனம் இல்லை. அவள் இன்னொன்று பின்னிவிடுவாள்.

அடுத்த குளிர் தொடங்கியபோது பட்டறையில் கை விறைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனாள். நான் எடுத்துக்கொண்டு போனேன். பெரிய கூடம். புகை போவதற்காக ஜன்னல்களைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், குளிர் காற்று நேராக முதுகில் அடிக்கிறது. நீள மேஜையில் வரிசையாக பர்னர்கள், ஒவ்வொன்றிலும் நீலச் சுடர் படுத்த வாக்கில் சீறிக்கொண்டிருக்கும். சுடருக்கு அந்தப் பக்கம்தான் கண்ணாடிக் குச்சிகள் இருக்கும், எட்டி எட்டி எடுக்க வேண்டும். அந்தக் கூடத்தில் பருத்தியும் கம்பளியும் தவிர வேறு துணி போடக் கூடாது.

பட்டறைக்கார அம்மாள் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. நான் நிற்கும்போதே ஒரு பெண் புதுத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மாள் அதை வாங்கி, விளிம்பின் உள்பக்கத்தில் ஒரு நூலை நறுக்கிச் சுடரில் காட்டினார். உருகியது. துண்டை வெளியே ஆணியில் மாட்டிவிட்டு வரச் சொன்னார். நான் செய்கிற அதே சோதனைதான். யாராக இருந்தாலும் விளிம்பில்தான் நறுக்குவார்கள், நடுவில் கை வைத்து ஆசையாகப் போட்ட துணியைக் கெடுக்க மாட்டார்கள். திரும்பி நடந்து வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. மிச்ச நூலுக்கு வழி கிடைத்துவிட்டது.

அன்றே ஆரம்பித்துவிட்டேன். ஒரே நூலில் பின்னிய சட்டை என்றால் விளிம்பு எதுவோ அதுதான் முழுச் சட்டையும். மிச்ச நூல் சட்டை அப்படி இல்லை. அதில் பட்டைக்குப் பட்டை வேறு நூல் வரும், அதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கீழ் விளிம்பு, கழுத்து, மார்பு, முதுகு எல்லாம் சுத்தக் கம்பளி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மட்டும் செயற்கை. புசுபுசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கிற நூல் ஒன்று ஏகப்பட்டது கிடந்தது, எதற்கும் உபயோகப்படாமல். மணிக்கட்டில் கடைசிப் பட்டையை மறுபடி கம்பளியாக்கினேன், அங்கே நறுக்கினாலும் நறுக்குவார்கள் என்று. கைகளை அகலமாக விட்டேன்.

இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தச் சட்டையில்தான் நிறங்கள் முதல் முதலாக என் பேச்சைக் கேட்டன. எதற்குப் பின்னுகிறோம் என்று தெளிவாக இருந்ததாலோ என்னவோ, அலமாரியில் கை விட்டால் சரியான உருண்டையே வந்தது. சாம்பலுக்குப் பக்கத்தில் அந்தச் செங்கல் நிறத்தை வைத்தேன், அது விளக்கேற்றியது போல நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ஊசியில் ஏறிவரும் பட்டைகளை மடியில் விரித்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் பின்னியதில் அதுதான் உருப்படி. அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பின்னியதில்லை.

கொடுத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகவா அக்கா? மிச்ச நூலா இது?”

“எல்லாம் அலமாரியில கிடந்ததுதான்.”

“சுத்தக் கம்பளிதானேக்கா? எங்க பட்டறை அம்மா வேற எதையும் உள்ள விடமாட்டாங்க.”

“அவங்களையே சோதிச்சுப் பாக்கச் சொல்லும்மா.”

இதில் நான் எங்கே பொய் சொன்னேன்? சோதித்துப் பார்க்கச் சொன்னேன், அம்மாளும் சோதித்தார். கீழ் விளிம்பில் நறுக்கினாராம், முடி கருகுகிற வாசனை வந்ததாம், போட்டுக்கொள் என்றுவிட்டாராம். சட்டைக் கையில் நறுக்கியிருந்தால் அன்றோடு போயிருக்கும், நானும் விதி என்று விட்டிருப்பேன். அவர் நறுக்கவில்லை.

பிறகு நாள் போய்க்கொண்டே இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. தினமும் சாயங்காலம் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்கும், சட்டை அப்படியே இருக்கும். அவளைப் பார்த்தவர்களெல்லாம் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். அப்போது அவள் அக்கா பின்னியது என்றுதான் சொன்னாள், அதை மறுக்க முடியாது. அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, நிறம் நீ சேர்த்ததா என்று அவளையே கேட்டார்கள். எனக்குச் சில சமயம், போகட்டும், அந்தச் சட்டையைத் திரும்ப வாங்கிக் கையை மட்டும் பிரித்து மாற்றிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அவளுக்காக இல்லை, சட்டைக்காக. கெட்டுப்போகப் போகிறதே என்று.

ஒரு நாள் அவள் சட்டைக் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு வந்தாள். வேலை செய்யும்போது அப்படித்தான் மடித்துக்கொள்வேன், அகலமாக இருக்கிறது என்றாள். அத்தனை நாள் ஒன்றும் நடக்காததற்குக் காரணம் அதுதான். நான் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு கைகளையும் இறக்கிவிட்டேன். மணிக்கட்டில் நீவிச் சரிசெய்தேன். “மடிச்சா வடிவம் போயிடும்மா. அப்புறம் தொங்கிப்போகும்” என்றேன். சரிக்கா என்றாள். பின்னல் விஷயத்தில் நான் சொன்னதை அவள் ஒரு நாளும் தட்டியதில்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். குச்சியை எட்டி எடுக்கும்போது வலது கை சுடருக்கு மேலே போயிருக்கிறது. புசுபுசு நூல் தீயை வாங்கிக்கொள்ள நேரமே பிடிக்காது. பிடித்ததும் எல்லாரும் செய்கிறதைத்தான் அவளும் செய்தாள், இடது கையால் அடித்து அணைக்கப் பார்த்தாள். அதிலும் அதே நூல். மார்பும் முதுகும் கம்பளி என்பதால் தீ அங்கே ஏறவில்லை, முகத்துக்கு ஒன்றும் இல்லை. உயிருக்கு ஆபத்து வராமல்தான் நான் பின்னியிருந்தேன். இதை யாராவது கவனிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நூல் உருகி விரல்களோடு ஒட்டிவிட்டது, விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். என் கணவர் சுவரில் சாய்ந்து அழுதார். எனக்குத் தெரிந்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

அவளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாரையும் விடுவதில்லை. தலை வாருகிறேன், முகம் துடைக்கிறேன், ஆற வைத்து ஊட்டுகிறேன். வலியில் முனகும்போது அக்கா என்றுதான் முனகுகிறாள், அம்மா என்றுகூடச் சொல்வதில்லை. இப்போது எனக்கு அவள் மேல் ஒரு துளி பொறாமை கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அந்தத் தீயோடு போய்விட்டது. ஊட்டும்போது அவள் வாயைத் திறந்து காத்திருப்பதைப் பார்த்தால் என் வயிற்றில் பிறந்தவள் போல இருக்கிறது.

பிறகு நீங்கள் வந்தீர்கள். சட்டை யார் பின்னியது என்று கேட்டீர்கள். நான் வெளியே வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போன பிறகு அவள் என்னைக் கிட்டே வரச் சொன்னாள்.

“நான்தான் பின்னினேன்னு சொல்லிட்டேன்க்கா. மிச்ச நூல்ல எது என்னன்னு பாக்காம கலந்துட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க தெரியாம போட்ட நூலுக்கு உங்களை ஸ்டேஷனுக்கு இழுப்பாங்க. யாரு கேட்டாலும் நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

நான் தலையை ஆட்டினேன். அவள் நல்லதுதான் நினைத்தாள். நானும் பேசாமல் இருந்திருப்பேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

ஆனால் எரியாமல் மிஞ்சிய முன்பக்கத்தைப் பட்டறையிலிருந்து கொடுத்தனுப்பினார்கள். அவள் உங்களிடம் சொன்னதையே வீட்டிலும் நம்பிவிட்டார்கள், முன்பு அக்கா பின்னியது என்று அவள் சொன்னது என் மரியாதைக்காக என்று. மாமியார் அதைத் துவைத்து, மடியில் வைத்துக்கொண்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் சின்ன மருமகள் கடைசியாகப் பின்னியது என்று காட்டுகிறார். வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சாம்பலையும் செங்கல் நிறத்தையும் பார்த்துவிட்டு, இப்படி ஒரு கை இனிமேல் வருமா என்கிறார்கள். நேற்று என் கணவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த மாதிரி ஒன்றை வேறு யாராலும் பின்ன முடியாது என்று என்னிடமே சொன்னார்.

அதற்காகத்தான் வந்தேன். அந்த முன்பக்கத் துண்டை வாங்கித் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் ஒரு நூல் முனை தொங்காது, அத்தனையும் செருகியிருக்கும். அவளுக்கு அந்தப் பொறுமை என்றைக்கும் கிடையாது. சட்டைக் கையில் என்ன நூலை, எதற்காகப் போட்டேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் யார் பின்னியது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லுங்கள். நிறமும் நானேதான் சேர்த்தேன்.